டாட்டூ: முதலில் இடம், அப்புறம் படம்

டாட்டூ போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வரும் பெண்கள் பெரும்பாலும் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார்கள். மயிலிறகு, பிறை நிலா, குழந்தையின் பெயர். படம் முடிவாகிவிட்டது, எங்கே போடுவது என்பதுதான் பாக்கி. தோல் மருத்துவராக நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் இடம், அப்புறம் அளவு, கடைசியில் படம்.

இடது மேற்கையில் இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. புடைத்து, பளபளப்பாக, ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் படர்ந்திருந்தால் அது கீலாய்டாக, அதாவது காயத்தை மீறி வளரும் தழும்பாக இருக்கலாம். காது குத்திய இடத்தில் சதை உருண்டையாக வளர்ந்ததா, சிசேரியன் தழும்பு தடித்து அரிக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட உடல்வாகு இருந்தால் டாட்டூவே வேண்டாம் என்பேன், அதிலும் நடு மார்பு, தோள்பட்டை, மேல்முதுகு கூடவே கூடாது. வெண்புள்ளியோ சோரியாசிஸோ உள்ளவர்களுக்கு, ஊசி போன கோட்டிலேயே நோய் புதிதாகக் கிளம்பக்கூடும். மச்சத்தின் மேலும் குத்தக் கூடாது. அந்த மச்சம் பின்னால் நிறமோ வடிவமோ மாறினால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்து, நாம் தினமும் உடுத்துவதை நினைத்துப் பாருங்கள். புடவை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா இறுகும் கோட்டில் தோல் ஏற்கெனவே கறுத்துத் தடித்திருக்கும். அங்கே புதுப் புண் ஆறுவது சிரமம். உள்ளாடைப் பட்டை அழுத்தும் இடமும், தாலிச் சங்கிலி உரசும் பின்கழுத்தும் இப்படித்தான். மேல்தோல் ஆறவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை அந்த இடத்தில் எதுவும் உரசாமல் இருக்க வேண்டும்.

குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அடிவயிற்றைத் தள்ளிப்போடுங்கள், வயிறு விரியும்போது படமும் சேர்ந்து விரியும். கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் டாட்டூவே வேண்டாம். கீழ்முதுகில் டாட்டூ இருந்தால் பிரசவத்தில் முதுகில் ஊசி போட முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. மயக்க மருத்துவர் மை இல்லாத இடமாகப் பார்த்துப் போடுவார். ஆனால் டாட்டூ இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போதும் அப்படித்தான். கையிலும் மார்பிலும் குத்திய மை அக்குள் நெறிக்கட்டிகளில் போய்த் தங்கி, படத்தில் சுண்ணாம்புப் படிவு போலத் தெரிவதுண்டு.

இடம் முடிவானால் அளவுக்கு வரலாம். ஊசி மையை மேல்தோலுக்கு அடியில், ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் விடுகிறது. அங்கே நம் நோய் எதிர்ப்பு செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன, அவை இறந்தால் புதிய செல்கள் அதே மையை எடுத்துக்கொள்கின்றன. இப்படிக் கைமாறிக் கைமாறி வருடக்கணக்கில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. தமிழ் எழுத்துக்கு இது பெரிய சோதனை. ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் பொடி எழுத்தில் அம்மாவின் பெயரை எழுதச் சொல்பவர்களிடம், ஒவ்வொரு எழுத்தும் சுண்டுவிரல் நகத்தளவாவது இருக்கட்டும் என்பேன். இடம் போதவில்லையா, முன்கைக்குப் போங்கள். விரலிலும் உள்ளங்காலிலும் போட்டால் சீக்கிரமே மங்கும்.

நம் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் கறுப்பு மைதான் அழகாக எடுக்கும். மஞ்சளும் வெள்ளையும் ஆறியபின் அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு மைதான் அதிகம் ஒவ்வாமை தருவது.

சீருடைப் பணிக்குத் தயாராகும் பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுகளின் விதிப்படி டாட்டூவுக்கு அனுமதியுள்ள இடங்கள் இடது முன்கையின் உட்புறம், புறங்கை போன்றவைதான். அளவும் அந்த உறுப்பில் கால்வாசிக்குள் இருக்க வேண்டும். அறிவிப்பைப் படித்துவிட்டுக் குத்துங்கள்.

காதலர் பெயரைப் பற்றி நான் உபதேசம் செய்வதில்லை. டாட்டூவை அழிக்கும் லேசரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கல்யாணத் தேதி குறித்தபின், இரண்டு மாதத்தில் அழிக்க முடியுமா என்று பதற்றத்தோடு வருகிறார்கள், பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமல். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும், பல முறை செய்ய வேண்டும். பச்சையும் மஞ்சளும் எளிதில் போகாது. நம் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ நிற்கவும் வாய்ப்புண்டு. அவசரத்துக்கு ஆன்லைனில் விற்கும் அழிப்பு க்ரீமையோ ஆசிட்டையோ தடவிப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டாட்டூ கடையில் ஊசி புதிதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், மையை யாரும் கேட்பதில்லை. உங்களுக்கென்று புதுக் குப்பியில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சாம்பல் நிழல் வர மையில் தண்ணீர் கலந்தால் அது கிருமி நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கலந்த மையால் வரும் தோல் தொற்றுக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியும் ஒரே மையும் பலருக்குப் போவதுண்டு. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவ அது போதும்.

குத்தி வாரங்கள் கழித்தும் அரித்தால், கோடு புடைத்தால், சின்னச் சின்னக் கட்டிகள் வந்தால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் போடாதீர்கள். தொற்றாக இருந்தால் அது மேலும் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், எந்த மை என்று தெரிந்தால் அந்தப் பாட்டிலின் படத்தையும் எடுத்து வாருங்கள்.