கடலுக்குப் போகிற பாதை எந்த சர்வே எண்ணில் இருக்கிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவில் வழக்கு நடத்தும் வக்கீலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்களிடம் வருபவை பெரும்பாலும் பங்கு பிரியாத வீடுகள். முகப்பு ஒரு பங்காளிக்கு, இரண்டாம் கட்டு இன்னொருவருக்கு, சாவி மலேசியாவில் இருக்கும் மூன்றாமவரிடம். ஆனால் தேவகோட்டையிலிருந்து கிழக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் தொண்டி வந்துவிடும். மீமிசல், எஸ்.பி.பட்டினம், தொண்டி என்று அந்தக் கரையோரம் கைமாறும் நிலங்களின் பத்திரங்கள் எங்கள் ஊர் ஆபீஸ்களுக்கும் சரிபார்க்க வருகின்றன. கடலுக்குப் போகும் பாதைகள் அந்தப் பத்திரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இதை உறைக்க வைத்தவர்கள் காரைக்குடியைச் சேர்ந்த ஐந்தாறு இளைஞர்கள். சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்குப் போய், பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் கற்றுக்கொண்டவர்கள். அங்கே மீனவரான மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளைப் பலகையில் ஏற்றிவிட்டு வளர்த்த விளையாட்டு இன்று வெகுதூரம் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் நம் பக்கத்துக் கடல் வேறு மாதிரி. இலங்கை மறித்துக்கொண்டு கிடப்பதால் வங்கக் கடலின் பெரிய அலைகள் பாக் விரிகுடாவுக்குள் வருவதில்லை. ஆழமும் குறைவு. மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இதைப் பெண் கடல் என்றும் ராமநாதபுரத்துக்காரர்கள் சொல்வார்கள். அதனால் இவர்கள் இங்கே பலகையில் நின்றுகொண்டு துடுப்புப் போடுகிறார்கள். வாடைக்காற்று கிளம்பும் மாதங்களில் கடல் கொஞ்சம் கொந்தளித்தால் சின்ன அலைகளில் ஏறிப் பார்ப்பார்கள். சனி, ஞாயிறு விடியற்காலையில் பலகைகளைக் குட்டியானையில் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு மீனவக் கிராமத்துக்குப் போவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பார்கள். ஆறு வருடமாக இது நடந்தது.

ஒரு சனிக்கிழமை போனபோது பாதையில் கேட் போட்டிருந்தது.

மறுவாரம் நானும் போய்ப் பார்த்தேன். பனைகளுக்கு நடுவே மணல்பாதை. இருபுறமும் புதிய கல்தூண்கள், முள்கம்பி. கேட்டுக்கு ரெட் ஆக்சைடு மட்டும் அடித்திருந்தார்கள், பெயின்ட் இன்னும் ஏறவில்லை. கடல் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா தலையில் அன்னக்கூடையோடு வந்தார். கேட்டருகே நின்று கூடையை இறக்கி, கேட்டுக்கு மேலாக இந்தப் பக்கம் நீட்டினார். பையன்களில் ஒருவன் வாங்கிக் கீழே வைத்தான். அப்புறம் அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பிக்கு அடியில் யாரோ மணலைத் தோண்டி வைத்திருந்த பள்ளத்தின் வழியாகக் குனிந்து நுழைந்து வந்தார். கூடையில் நகரை மீனும் காரல் மீனும் இருந்தன. தேவகோட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு.

“ஆத்தா, இந்தப் பாதையில எத்தனை வருஷமா போறீங்க?” என்று கேட்டேன்.

“நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சு வக்கீலம்மா. எம் மாமியா இதுலதான் மாட்டுவண்டியில கருவாடு ஏத்திக்கிட்டுப் போகும்.”

அந்த ஒரு வரிக்கு நீதிமன்றத்தில் என்ன எடை என்பதை இளைஞர்களுக்கு அன்றே விளக்கினேன். “ஆறு வருஷமா வர்றோம் மேடம், போட்டோ எல்லாம் இருக்கு” என்று அவர்கள் செல்போனை நீட்டினார்கள். அது மட்டும் போதாது. 1882ஆம் வருடத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி ஒருவருடைய நிலத்தின் வழியாக நடைபாதை உரிமை கேட்க, தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு 20 வருடம் அனுபவித்திருக்க வேண்டும். அரசு நிலமாக இருந்தால் 30 வருடம். அந்த அனுபவமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வரை நீடித்திருக்க வேண்டும். “பேசிப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம்” என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். தவிர, இந்த வகை உரிமை நிலத்தோடு ஒட்டியது. காரைக்குடிப் பையன்களுக்கு அந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர்கள் சார்பில் கேட்கக்கூடியது ஊர்ப் பொதுவழி என்ற உரிமைதான். அது பொதுவழி என்பதற்குச் சாட்சி அந்த ஆத்தாவும் அவருடைய மாமியாரின் மாட்டுவண்டியும்.

விளையாட வருகிறவர்கள் தனியாக ஒரு சங்கம் வைத்து, தனியாக மனுக் கொடுத்தால் அது “வெளியூர்ப் பையன்களின் பொழுதுபோக்கு” என்று ஒதுக்கப்படும். கடலில் பிழைக்கிறவர்களோடு சேர்ந்து கொடுத்தால் அதே மனு பிழைப்புப் பிரச்சினை ஆகிறது. ஆனால் இப்படிச் சேர்வதைக் கேஸ் ஜெயிப்பதற்கான உபாயமாக மட்டும் நினைத்துச் சேர்ந்தால் ஒட்டாது. பாதை முதலில் அவர்களுடையது என்று மனதார ஒப்புக்கொண்டவர்களைத்தான் ஊர் சேர்த்துக்கொள்ளும். இந்தப் பையன்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் வந்தது சாவி விஷயம். நிலம் வாங்கியவர் கெட்டவர் இல்லை. ஓய்வு விடுதி கட்ட நினைத்து வாங்கிய வெளியூர்க்காரர். அவரே ஆள் அனுப்பினார்: கேட்டுக்கு ஒரு சாவி தருகிறேன், காவல்காரரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் போய் வரலாம் என்று. இளைஞர்களுக்கு ஒரே சந்தோஷம். நான்தான் வேண்டாம் என்றேன். இதைப் படிக்கிற கரையோரத்துக்காரர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிய நாளிலிருந்து நீங்கள் நடப்பது அவர் கொடுத்த அனுமதியில். அனுமதியில் நடந்த வருடங்கள் உரிமைக் கணக்கில் சேராது. அனுமதியை அவர் எந்த நாளிலும் திரும்பப் பெறலாம், அவரிடம் வாங்குகிற அடுத்தவர் கேட்கவே வேண்டியதில்லை. அந்த நோட்டே நாளைக்கு எதிர்த்தரப்பின் ஆவணமாக நீதிமன்றத்துக்கு வரும். ஆத்தாவிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியே வரவில்லை. “எங்க பாதைக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார். 30 வருடமாகச் சட்டம் படித்த எனக்கு அதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

சரி, பாதை காகிதத்தில் எப்படிக் காணாமல் போனது? வாங்கியவரின் மூலப்பத்திரத்தையே வாங்கிப் பார்த்தேன். 1950களில் எழுதிய கிரயம். நான்கெல்லை விவரத்தில் மசி மங்கியிருந்தாலும் தெளிவாக இருந்தது: “கடலுக்குப் போகும் வண்டிப்பாதைக்கு வடக்கு.” அடுத்த இரண்டு கைமாற்றங்களிலும் அதே வரி. கடைசிப் பத்திரத்தில், பாதைக்குத் தெற்கே இருந்த நிலத்தையும் அதே ஆள் வாங்கிச் சேர்த்துவிட்டதால், எழுதியவர் இரண்டையும் ஒரே துண்டாக்கி எல்லை போட்டுவிட்டார். நடுவில் கிடந்த பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் திருடவில்லை, யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வரி விட்டுப்போனது, பாதை போய்விட்டது. வாங்கியவரிடம் தரகர் “ஒரே பிளாட், குறுக்கே எதுவும் கிடையாது” என்றே சொல்லியிருக்கிறார். அந்த வகையில் அவரும் ஏமாந்தவர்தான்.

அதனால்தான் நிலம் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், கடைசிப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் புலப்படம் என்கிற எஃப்.எம்.பி., எந்த எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடு மூன்றையும் எடுங்கள். பட்டாவும் எஃப்.எம்.பி.யும் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் கரையோரத்து நிலத்துக்கு அது பாதிக் கிணறுதான். நம் பக்கம் பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் பூமி. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்ட் என்கிற நிலவரித் திட்டத்தில் ஒரு பதிவு, நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் இன்னொரு பதிவு. முன்னதில் “பாதை, புறம்போக்கு” என்று இருப்பது பின்னதில் யாருடைய பட்டாவிலோ சேர்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி ஒரு மனு, 30 நாள் கெடு. எங்கள் விஷயத்தில் திருப்பம் அங்கேதான் வந்தது. பழைய ஸ்கெட்சில் அந்தப் பாதை 20 லிங்க் அகலத்தில் இருந்தது, அதாவது 13 அடி சொச்சம்.

கடலோரத்துக்கென்று தனிச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது, பிறகு 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. கடற்கரை விடுதிகளுக்கான நெறிமுறைகளில் ஒரு வாசகம் 1991 முதல் தொடர்ந்து வருகிறது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே மக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்காவது இடைவெளி விட வேண்டும். இன்னொரு விதிப்படி, தனியார் நிலத்தைச் சுற்றி உயிர்வேலியோ முள்கம்பியோ போடலாம், ஆனால் பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை அது எந்த வகையிலும் தடுக்கக் கூடாது. மீறல்களைப் பார்ப்பதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அதில் கரையோரப் பாரம்பரிய சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றும் அறிவிக்கை சொல்கிறது. இந்தக் குழு இருப்பதே பல மீனவ ஊர்களுக்குத் தெரியாது. உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டு ஒரு மனுப் போட்டாலே பல கதவுகள் திறக்கும்.

இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனது நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. குடிநீர் உப்பானதோடு, மீனவர்கள் கரைக்குப் போகும் வழியை இழந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2005இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்புச் சட்டம் பண்ணைகளுக்கு வேறு வழி செய்துகொடுத்தது என்றாலும், வழி மறிப்பதும் ஒரு கேடுதான் என்ற பேச்சு நீதிமன்றத்தில் பதிவானது சாதாரணம் அல்ல.

சர்ஃபிங்காரர்களே முன்னின்று நடத்திய வழக்கு ஒன்றும் உண்டு, கலிபோர்னியாவில். மார்ட்டின்ஸ் பீச் என்ற கடற்கரைக்குப் போகும் ஒரே சாலையை ஒட்டிய நிலத்தை 2008இல் தொழிலதிபர் வினோத் கோஸ்லா வாங்கினார். பிறகு சாலையின் கேட் பூட்டப்பட்டது. 1984இல் சர்ஃபிங் ஆர்வலர்கள் தொடங்கிய சர்ஃப்ரைடர் ஃபவுண்டேஷன் வழக்குப் போட்டது. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வாதத்துக்கே அவர்கள் போகவில்லை. 1976ஆம் வருடத்துக் கடற்கரைச் சட்டப்படி, மக்கள் கடலுக்குப் போகும் வழியை மாற்றுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் கேட்டைப் பூட்டியது தவறு என்று அந்த ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். 2014இல் ஜெயித்தார்கள், 2017இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள், 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்பின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை. பெரிய தத்துவத்தைவிடச் சின்னதாக, கூர்மையாக ஒரு கேள்வியைக் கேட்பது எவ்வளவு பலம் என்று என் ஜூனியர்களுக்கு இந்த வழக்கை அடிக்கடி சொல்வேன்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். கடல் எல்லோருக்கும் சொந்தம் என்று மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய ஸ்கெட்சின் நகல், மூலப்பத்திரத்தின் நான்கெல்லை, 60 வயது தாண்டிய ஊர்க்காரர்கள் 11 பேரின் உறுதிமொழிப் பத்திரங்கள், இளைஞர்களின் தேதி போட்ட படங்கள் இவற்றை வைத்து, “இந்த 20 லிங்க் பாதையை அளந்து காட்டுங்கள்” என்று மட்டும் கேட்டோம். பொதுவழித் தடையை நீக்கக் கோட்டாட்சியர் உத்தரவு போடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. எனக்குத் தெரிந்து கேட் விஷயங்களுக்கு இதுதான் விரைவான வழி. உரிமையைக் கெட்டியாக நிலைநாட்டச் சிவில் வழக்கு வேண்டும். சுற்றுச்சூழல் மீறலும் இருந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம், ஆனால் அங்கே ஆறு மாதக் கெடு இருக்கிறது.

சர்வேயர் வந்த அன்று பையன்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். சங்கிலி பிடித்து அளந்து, ஒரு பனைக்கு அடியில் இரண்டடி தோண்டியதும் பழைய எல்லைக்கல்லின் தலை தட்டுப்பட்டது. மேலே கொத்தியிருந்த அடையாளத்தை ஆத்தா விரலால் மணலைத் துடைத்துப் பார்த்தார். நிலம் வாங்கியவரும் அங்கேதான் இருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கேட்டைத் தானே கழற்றிக்கொள்வதாகச் சொன்னார், மறுவாரமே கழற்றவும் செய்தார்.

முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தெற்குப் பக்கத் தூண்கள் இன்னும் பாதைக்குள் இரண்டடி தள்ளித்தான் நிற்கின்றன. அதற்கு வழக்கு நடக்கிறது. பாதையை ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கிராமசபையில் தீர்மானம் போட வேண்டும், அடுத்த கிராமசபை ஆகஸ்ட் 15. தீர்மான வரைவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சர்வே எண் மட்டும் போட்டால் போதாது, அகலத்தையும் அடிக்கணக்கில் போடச் சொல்லுங்கள் என்று ஆத்தா அந்தப் பையன்களிடம் இதுவரை இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறார்.