எஃபெக்ட் எக்கச்சக்கம், சவுண்டு மீட்டர் ஒன்றுகூட இல்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். தை பிறந்துவிட்டால் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாற நல்ல டிரான்சிஷன் இல்லை என்று யாரும் வந்ததில்லை. “ஏனுங்கண்ணா, வாய் ஒரு பக்கம் போகுது, சவுண்டு ஒரு பக்கம் போகுதுங்க” என்றுதான் வருவார்கள்.

வீட்டு உபயோகத்துக்கென்று விற்கிற எடிட்டிங் மென்பொருள்களில் பூ கொட்டும், இதயம் பறக்கும், பக்கம் புரளும். வேலை நின்றுபோவது அங்கே இல்லை. சந்தா கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை விளம்பரத்தில் வராத சில அம்சங்கள்.

முதலில் இந்த வாய்–சவுண்டு விவகாரம். செல்போன் வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், என்று சொன்னாலும் எல்லா வினாடியிலும் சரியாக 30 எடுப்பதில்லை. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ ஃபிரேம் குறையும், அப்புறம் கூடும். ஒலி மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். எளிய மென்பொருள் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 30 என்றே எடுத்துக்கொள்கிறது. சராசரி 29.9 என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிட கிளிப்பில் படம் ஒலியைவிட 2 வினாடி முன்னால் போய்விடும். கிளிப்பின் ஆரம்பத்தைத் தட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், கடைசியில்தான் வண்டவாளம் தெரியும். அதனால் பலரும் ஒலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நகர்த்துவதால் இது தீராது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோடு என்ற இடத்தில் ‘வேரியபிள்’ (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ (மாறாத ஃபிரேம்) தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். இதுவும் இலவசம்தான், நேரம்தான் பிடிக்கும். இந்த வேலையை எடிட்டிங் மென்பொருளே செய்திருக்க வேண்டும், செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதோடு ஒட்டியது மின்விளக்குத் துடிப்பு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் நேரம் 1/50 அல்லது 1/100 வினாடி என்றால் படம் நிம்மதியாக இருக்கும், 1/60 வைத்தால் சில விளக்குகளில் பட்டை பட்டையாக ஓடும். அதனால்தான் கேமராக்காரர் 25 ஃபிரேமில் எடுக்கிறார். சொந்தக்காரர் போனில் எடுத்ததோ 30. ஐபோனில் பால் (PAL) எனும் 25 ஃபிரேம் முறை ஃபார்மட்டுகளைக் காட்டும் செட்டிங்கை ஆன் செய்தால் 25 கிடைக்கும், ஆனால் அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இரண்டையும், கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில், 25 ஃபிரேம் புராஜெக்டில் போட்டால் போன் கிளிப்பில் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று விழுந்து, கேமராவைத் திருப்பும் இடமெல்லாம் வெட்டி வெட்டி நகரும். புராஜெக்ட் எத்தனை ஃபிரேம் என்று நாமே முடிவுசெய்ய விடாத மென்பொருள்கள் இன்னமும் இருக்கின்றன. கல்யாண வேலைக்கு அவை ஆகாது.

இனி நாதசுரம். ஐயர் மந்திரம் சொல்வது காதில் விழவில்லை என்று வால்யூமை 200 சதவீதத்துக்கு இழுப்பார்கள். அளவு இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபல் கூட்டியாயிற்று. அடுத்த நொடி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் வரும், தவிலும் நாதசுரமும் ஒன்றாக எழும்பும். டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பான பூஜ்ய டெசிபலுக்கு மேலே போன அலையின் தலை, முடிந்த வீடியோவாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் சீவப்பட்டுவிடும். லேப்டாப் ஸ்பீக்கரில் இது தெரியாது. பெண் வீட்டு டிவியில் போட்டால் தாலி கட்டும் நேரத்தில் தகரம் கிழிகிற மாதிரி கேட்கும். மலையாளக் குடும்பத்துக் கல்யாணத்தில் செண்டை மேளம் வந்தால் இன்னும் மோசம்.

பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு என்று ஏறி இறங்கும் ஒரு மீட்டர் இருந்தால் போதும், யாரும் சிவப்பைத் தொடவிட மாட்டார்கள். அந்த மீட்டர்தான் பல மென்பொருள்களில் இல்லை. மந்திரம் வரும் இடத்தில் மட்டும் ஒலியைக் கூட்டி, மேளத்துக்கு முன்னால் இறக்குகிற கீஃபிரேம் வசதியும் சிலவற்றில் கிடையாது. கிளிப்பை வெட்டி வெட்டித்தான் செய்ய வேண்டும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், இரண்டிலும் மீட்டர் உண்டு. பழைய லேப்டாப்பில் படம் திக்காமல் ஓட, எடை குறைந்த நகலை வைத்து எடிட் செய்கிற பிராக்ஸி வசதியும் உண்டு. காசு வாங்குகிறவர்கள் ஏன் கொடுக்கவில்லை என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

டைட்டில் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெயரே நல்ல பரீட்சை. ‘கொழிஞ்சாம்பாறை’ என்று யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கொ-வின் கொம்பு க-வுக்கு முன்னால் வர வேண்டும், றை-யின் சங்கிலிக்கொம்பும் அப்படியே. இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். மலையாளத்திலும் கொம்பு உண்டு, போதாததற்குக் கூட்டெழுத்தும் உண்டு. இரண்டு மொழியிலும் பெயர் போட வேண்டிய எங்களுக்கு இரட்டைத் தலைவலி. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கிராஃபிக்ஸ் செட்டிங்குக்குப் போய் தெற்காசிய எழுத்துகளுக்கான லேஅவுட் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அது கூட இல்லாத இடத்தில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி ஃபான்ட்டில் அடிப்பார்கள். படத்தில் அழகாகத் தெரியும், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான். அதைவிட, ஒழுங்காகத் தமிழ் கோக்கும் வேறு மென்பொருளில் டைட்டிலைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவருவது மேல். மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், என்ன செய்ய. எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகி வரும் எஃபெக்டைத் தமிழுக்கு நம்பிப் போடாதீர்கள். முதலில் ‘ஞ’ வந்து, அப்புறம் அதன் தலையில் புள்ளி வந்து விழும்.

புராஜெக்ட் கோப்பு பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் மூவி மேக்கர் 2017 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவாவீடியோ என்ற எடிட்டிங் செயலியும் ஒன்று. அப்படி ஒரு மென்பொருள் போனால், அதில் பாதியில் நிற்கும் வேலையை வேறு எதிலும் திறக்க முடியாது. எங்கெங்கே வெட்டினோம் என்பதை, வேறு மென்பொருளும் படிக்கிற எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருந்தால் கட்டிங்காவது தப்பிக்கும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே அது இருக்கிறது, அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பது வேறு கதை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாட்டியதும் டிரைவ் எழுத்து மாறி எல்லா கிளிப்பும் காணாமல் போகிறதா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்குக்கு நிரந்தரமாக ஒரு எழுத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் பென்டிரைவ். மூன்று மணி நேர வீடியோ வினாடிக்கு 8 மெகாபிட் என்ற பிட்ரேட்டில் 10.8 ஜிபி வரும். பழைய டிவிகள் பலவும் எதிர்பார்க்கிற எஃப்ஏடி32 என்ற பென்டிரைவ் ஃபார்மட் முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ‘ஹை, மீடியம், லோ’ என்று மூன்று பொத்தானை மட்டும் கொடுத்துவிட்டு பிட்ரேட்டை மறைக்கிற மென்பொருளில், லோ அழுத்தித்தான் அதற்குள் அடக்குவார்கள், பட்டுப்புடவை ஜரிகை கட்டம் கட்டமாகிவிடும். டைம்லைனில் இங்கிருந்து இதுவரை என்று குறித்து எக்ஸ்போர்ட் செய்ய முடிந்தால் வரவேற்பு, முகூர்த்தம், விருந்து என்று தனித்தனிக் கோப்பாகவே கொடுத்துவிடலாம். முகூர்த்தம் நீண்டு 4 ஜிபியைத் தாண்டினால் அதையும் இரண்டாகக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்டர் வாங்கும்போதே வீட்டு டிவி எந்த வருஷத்தது என்று கேட்டு வையுங்கள். பழையது என்றால் எச்.265 என்ற புதிய வீடியோ சுருக்க முறை வேண்டாம், பழைய எச்.264-இல் கொடுங்கள்.