தாத்தாவின் லாரியைத் துடைக்காதீர்கள்

போன வாரம் சங்ககிரியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், புதிதாக லாமினேட் செய்தது. தெருவோரம் மூக்கு நீண்ட லாரி ஒன்று நிற்கிறது. மட்கார்டின் மேல் ஒரு கையை ஊன்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருடைய தாத்தா. குடும்பத்தின் முதல் லாரி.

"இதைப் பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க. அப்படியே எந்த வருசம்னு கண்டுபிடிச்சுச் சொன்னீங்கன்னா அடியில எழுதிக்கலாம்ங்க" என்றார்.

படத்துக்கு ஓரமே இல்லை. லாமினேஷன் கவருக்குள் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். கீழே வெட்டுப்பட்ட இடத்தில் நீல மையில் சில எழுத்துகளின் உச்சி மட்டும் நிற்கிறது. ஒரு கோடு, ஒரு அரைவட்டம், இன்னொரு கோடு. யாரோ தேதி எழுதி வைத்திருந்தார்கள். அவர் என்னிடம் கேட்ட வருடம் அந்த ஓரத்தில்தான் இருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய படங்களைச் சீர்செய்து கொடுப்பதுதான் எனக்குத் தொழில். இப்படி வரும் படங்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இந்தப் படத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய தெருப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம் கண் முதலில் வண்டிகள் மேல்தான் போகிறது. கோபுரமும் கடைவீதியும் அப்புறம்தான். "எங்க மாமாகிட்ட இந்த பிளஷர் கார் இருந்துச்சு", "இந்த பஸ்லதான் பள்ளிக்கூடம் போனோம்" என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் வண்டி வெறும் ஆசைக்குப் பார்க்கிற பொருள் இல்லை. தேதி எழுதாத படத்தில் அதுதான் எங்களுக்கு முதல் சாட்சி.

"1940-இல் மவுண்ட் ரோடு" என்று சுற்றும் படத்தில் ஓரமாக ஓர் அம்பாசடர் நின்றால் அது 1940 இல்லை. அம்பாசடர் வந்ததே 1957-இல்தான். அதற்கு முன் ஓடியவை லேண்ட்மாஸ்டரும் இந்துஸ்தான் 14-உம். மெட்ராஸில் டிராம் ஓடுவது 1953-இல் நின்றது. ஆகவே மெட்ராஸ் தெரு ஒன்றில் டிராமும் அம்பாசடரும் ஒரே படத்தில் ஓடினால் அது கேமரா எடுத்த படமே இல்லை, கம்ப்யூட்டர் வரைந்தது. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒன்று தொங்கினால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய கரி பஸ்.

லாரி என்றால் முகத்தைப் பாருங்கள். டாடா 1954-இல் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. பதினைந்து வருட ஒப்பந்தம். அந்த லாரிகளின் நெற்றியில் மூன்று கை நட்சத்திரம் இருக்கும். 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து ஆஸ்டின் கார்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனிதான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. ஆகவே லாரியின் மேல் 'அசோக் லேலண்ட்' என்றே எழுதியிருந்தால் அது 1955-க்குப் பிந்தியது.

நம்பர் பிளேட் இன்னும் நன்றாகப் பேசும். எம்.எஸ்., எம்.டி. என்று ஆரம்பித்தால் மெட்ராஸ் மாநிலக் காலத்துப் பதிவு. 1969-இல் பெயர் தமிழ்நாடு ஆன பிறகு 'டி'-யில் ஆரம்பிக்கும் மூன்றெழுத்துகள் வந்தன. டி.என். 28 என்று மாவட்ட அலுவலகத்தின் எண்ணோடு எழுதும் முறை 1989-இன் விதிகளுக்குப் பிறகு வந்தது. ஒன்றை மறந்துவிடக் கூடாது. வண்டி ஒருமுறை வாங்கினால் இருபது, முப்பது வருடம் ஓடும். எம்.எஸ். பிளேட் போட்ட லாரி 1980-இல் எடுத்த படத்திலும் நிற்கலாம். "இந்த வருடத்துக்கு முந்திய படம் இல்லை" என்பதை மட்டும்தான் வண்டி சொல்லும். எடுத்த தேதியைச் சொல்வது ஓரத்தில் உள்ள எழுத்தும், பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையும்தான். அதனால்தான் வெட்டுப்பட்ட ஓரத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

சரி, சங்ககிரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். "லாமினேஷன்ல சரியாத் தெரியலைன்னா இதைப் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். ஏ.ஐ. ஆப் ஒன்றில் போட்டு எடுத்த படம். லாரிக்குப் பளிச்சென்று ஆரஞ்சு வண்ணம். ரேடியேட்டர் கம்பிகள் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. நம்பர் பிளேட்டும் கூர்மையாக இருந்தது. "டி.எம்.-னு தெரியுது பாருங்க" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். அது டி.எம். இல்லை, எந்த மொழியின் எழுத்தும் இல்லை. எழுத்து மாதிரி நிற்கும் சில கோடுகள். நெற்றியில் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வளையம்.

பத்தில் எட்டுப் பேர் நம்புவது இதைத்தான்: படத்துக்குள் விவரம் மறைந்து கிடக்கிறது, ஆப் அதை வெளியே கொண்டுவருகிறது. இல்லவே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த பிரிண்டில் நம்பர் பிளேட்டின் அகலம் மூன்று மில்லிமீட்டர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கே இருப்பது சாம்பல் நிறத் திட்டுகள். எழுத்தின் வடிவம் பாதிதான் பதிந்திருக்கிறது, மீதி எடுத்த அன்றே பதியவில்லை. பதியாததை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. ஆப் என்ன செய்கிறது? லட்சக்கணக்கான வேறு படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. "இந்த இடத்தில் ஒரு பிளேட் இருந்தால் இப்படி இருக்கும்" என்று யூகித்து வரைகிறது. உங்கள் படத்தைத் துலக்குவதில்லை, அதன் மேல் வேறு படம் போடுகிறது. வண்ணமும் அப்படியே. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். அந்தச் சாம்பலைப் பார்த்து லாரி ஆரஞ்சா பச்சையா என்று சொல்ல யாராலும் முடியாது. உங்கள் அத்தையிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

லாரியோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அசல் படத்தில் தாத்தாவின் இடது கன்னத்தில் ஒரு மரு இருந்தது. செல்போன் படத்தில் அது இல்லை. மூக்கும் கொஞ்சம் மெலிந்திருந்தது. நான் காட்டும்வரை பேரன் கவனிக்கவில்லை. அந்த முகத்தைத்தான் சுவரில் மாட்டுவதாக இருந்தார்.

ஆசைக்கு வண்ணம் போட்டுப் பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. "கம்ப்யூட்டர் வண்ணம்" என்று அடியில் எழுதிவிடுங்கள். அசல் ஸ்கேனை வேறு பெயரில் தனியே வையுங்கள். தயவுசெய்து இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை படத்தின் மேல்தோலோடு ஒன்றிவிடும். பிரித்தால் முகமும் சேர்ந்து வரும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த படத்தின் படலம் தண்ணீரில் கரைகிற நிலைக்கு வந்திருக்கும், ஒரே இழுப்பில் லாரி துணிக்கு வந்துவிடும். ஸ்பிரிட், விபூதி, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டு எடுத்துவந்திருக்கிறார்கள். வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், இரண்டு துண்டையும் ஒரே கவரில் போட்டு வைத்தால் போதும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், பிரேமோடு அப்படியே கொண்டுவாருங்கள். கண்ணாடி வழியாகவே எடுத்துவிடலாம். பசைத்தாள் ஆல்பத்தில் இருக்கும் படத்தைக் கத்தியால் நெம்பாதீர்கள். பக்கத்தோடு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 600 டி.பி.ஐ.-க்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல், ஓரம் முழுவதும் விழும்படி எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று அசலைத் தூக்கிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஹார்ட் டிஸ்க் ஐந்தாறு வருடத்தில் படுத்துவிடலாம். நல்ல ப்ரோமைட் பிரிண்ட், அதாவது இருட்டறையில் கழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஈரமும் வெயிலும் படாமல் இருந்தால், நூறு வருடம் தாங்கும். பீரோவில் துணிகளுக்கு நடுவே, அமிலம் இல்லாத காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நெகட்டிவ் இருந்தால் அது பிரிண்டைவிடப் பெரிய சொத்து. அதில் புளித்த வாடை அடித்தால் நாள் கடத்தாமல் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

லாரிக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வண்டியை விற்றுவிட்டாலும் பழைய ஆர்.சி. புக் நகல், பெர்மிட், இன்சூரன்ஸ் தாள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். வண்டியின் பெயரும், செய்த வருடமும், நம்பரும் அதில் இருக்கும். படத்தோடு சேர்த்து வையுங்கள்.

சங்ககிரிக்காரரின் படத்தை இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, லாமினேஷனின் மினுமினுப்பு விழாத கோணம் கிடைக்கும்வரை திருப்பித் திருப்பி எடுத்தேன். நெற்றி வளையத்துக்குள் மூன்று கைகள் மங்கலாகத் தெரிந்தன. பிளேட்டில் முதல் எழுத்து 'எம்' போல இருக்கிறது, உறுதியாகச் சொல்ல மாட்டேன். லாரி 1954-க்கும் 1969-க்கும் நடுவில் செய்தது என்று சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் நானும் யூகித்து வரைகிறவன் ஆகிவிடுவேன்.

கிளம்பும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஈரோட்டில் அவருடைய அத்தை வீட்டில் இதே படத்தின் இன்னொரு பிரதி, கொஞ்சம் பூஞ்சை பிடித்து, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறதாம். அங்கிருந்தே போன் போட்டார். "அத்தை, அதைத் தொடைக்காதீங்க, ஒண்ணும் பண்ணாதீங்க, ஒரு நோட்டுக்குள்ள வெச்சு அப்படியே குடுத்து விடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பிரதி ஞாயிற்றுக்கிழமை வருகிறது.