எந்த வருஷ மாடல் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கு முன் வண்டியைப் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. வாங்குவதற்கு முன். ஆனால் சமீபத்தில் மறுபடியும் ஒருவர் வாங்கிய பிறகுதான் வந்தார். போர்ஷே 911 கரேரா எஸ், பதிவுச் சான்றில் 2009. அந்த வருஷ மாடலில்தான் புது இன்ஜின் வந்தது, பழைய இன்ஜினின் தொல்லைகள் அதில் இல்லை என்று படித்துத் தெரிந்துகொண்டு, மாதக்கணக்கில் தேடி வாங்கியிருக்கிறார். படித்தது சரி. தேடியதும் சரி. வாங்கியது 2008 மாடல்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று ஒரு சத்தம். சூடேறிய பிறகும் போகவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் ஒரு பக்கத்து சைலன்சர் குழாயில் மட்டும் கரி தடிமனாகப் படிந்திருக்கிறது. விரலை விட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சின்ன கேமராவை உள்ளே விட்டோம். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நீள நீளமாகக் கீறல்கள். 911-ன் 997 என்ற தலைமுறையின் முதல் பாதியில், அதாவது 2005 முதல் 2008 வரையிலான கரேரா மாடல்களில், நாங்கள் முதலில் தேடுவது இந்தக் கீறல்களைத்தான். இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

பின் விளக்குகளைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 2009 மாடலில் அவை எல்இடிக்கு மாறிவிட்டன. சேஸிஸ் எண்ணின் 10-ஆவது இடத்தில் 8 என்று தெளிவாகவே இருந்தது. விற்றவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. பதிவானது 2009-ல்தான்.

வருஷம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தேதிகள் இருக்கின்றன. வண்டி தொழிற்சாலையில் தயாரான தேதி, முதன்முதலாகப் பதிவான தேதி, மாடல் வருஷம். மாடல் வருஷம் பெரும்பாலும் முந்தைய வருஷத்தின் நடுவிலேயே தொடங்கிவிடும். 2008 கோடைக்குப் பிறகு தயாரான வண்டி 2009 மாடலாக இருக்கலாம். ஷோரூமில் விற்காமல் நின்ற 2008 மாடல் 2009-ல் பதிவாகியிருக்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் மாறுவது மாடல் வருஷத்தோடு. பதிவுத் தேதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

17 எழுத்து சேஸிஸ் எண் உள்ள வண்டிகளில் பல நிறுவனங்கள் 10-ஆவது இடத்தில் மாடல் வருஷத்தைக் குறிக்கின்றன. 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. 2010-க்கு ஏ, 2011-க்கு பி, அப்படியே போகும்; ஐ, ஓ, கியூ, யூ, இசட் ஆகிய எழுத்துகள் அந்த இடத்தில் வராது. வட அமெரிக்க வண்டிகளில் இது கட்டாயம். ஐரோப்பாவில் கட்டாயமில்லை, போர்ஷே போன்ற சிலர் பின்பற்றுகிறார்கள். ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்குச் செய்த வண்டிகளுக்கு 17 எழுத்து முறையே கிடையாது, அவற்றின் எண் குட்டையாக இருக்கும். அங்கே தயாரிப்பு மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளிலும் தேதி இருக்கும். அது வண்டியின் தேதி இல்லை, பெல்ட்டின் தேதிதான். ஆனாலும் சந்தேகம் வந்தால் ஒத்துப்பார்க்க உதவும்.

சரி, இது கவனக்குறைவு. ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது வேறொரு நம்பிக்கை: “கையில் இருக்கும் பணத்துக்கு எவ்வளவு புது வருஷம் கிடைக்குமோ அதை வாங்கு.” தினசரி ஓட்டுகிற சாதாரணக் காருக்கு இந்த யோசனை ஓரளவு பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரே பெயரில் ஐந்தாறு வருஷம் வருகிற வண்டிக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு இன்ஜின்கள் வந்து போயிருக்கும். அவற்றில் நடுவில் வந்தது எல்லாவற்றிலும் மோசமானதாக இருக்கலாம்.

அதே போர்ஷேயையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் 1997 முதல் 1999 வரை இன்ஜினின் இடைத்தண்டுக்கு, அதாவது கிராங்கின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் பகுதிக்குக் கடத்தும் தண்டுக்கு, இரட்டை வரிசை பேரிங். 2000 வாக்கில் அது ஒற்றை வரிசையானது. அந்த ஒற்றை வரிசை பேரிங்தான் இன்ஜினையே உடைக்கும் என்று பெயர் வாங்கியது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான வண்டிகளை வைத்து வழக்கே நடந்தது. 2006 வாக்கில் பெரிய பேரிங் வந்தது. அது அவ்வளவாக உடைவதில்லை, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. 2009-ல் வந்த புது இன்ஜினில் அந்த இடைத்தண்டே இல்லை. இப்போது சொல்லுங்கள், 1999-ஐ விட 2001 நல்லதா? பேரிங்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை. ஆனால் 2001 வண்டியில் யாரோ கிளட்ச் மாற்றும்போது கூடவே பேரிங்கையும் மாற்றி, பில்லையும் பத்திரமாக வைத்திருந்தால், எந்த வேலையும் செய்யாத 1999-ஐ விட நான் அதைத்தான் கைகாட்டுவேன். அதே காலத்து 996 தலைமுறை 911 டர்போவுக்கும் ஜிடி3-க்கும் இந்தப் பேச்சு எதுவுமே பொருந்தாது, அவற்றின் இன்ஜின் வேறு. “996 என்றாலே பேரிங் போகும்” என்று சொல்லி அவற்றையும் ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நிசான் 350இசட் இன்னொன்று. தொடக்கத்தில் 287 குதிரைத் திறன். 2005-ல் சில வகைகளிலும், 2006-ல் மேனுவல் கியர் வண்டிகளிலும் அதை 300 ஆக்கினார்கள். விளம்பரத்தில் அந்த 300-ஐப் பார்த்தவுடன் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆயில் குடிக்கும் என்று பெயர் வாங்கியது அந்த இன்ஜின்தான். 2007-ல் பெரும்பகுதி புதிதாகச் செய்த இன்ஜின் வந்தது, 306 குதிரைத் திறன், நிமிடத்துக்கு 7500 சுற்று வரை போகும். ஒரே ஒரு வருஷ வித்தியாசம், வண்டியின் குணமே வேறு. 2006 வண்டியைப் பார்க்கப் போனால் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள், கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். மாற்றினீர்களா என்று கேட்டால் எல்லோரும் தேதி சொல்வார்கள். ஊற்றினீர்களா என்று கேட்டால்தான் உண்மை வரும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. மாஸ்டா ஆர்எக்ஸ்-8-ல் 2009 திருத்தத்துக்குப் பிறகு வந்தவைதான் தேவலை. அதன் இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டருக்கு ஆயில் கொடுக்கும் ஏற்பாட்டை அப்போதுதான் சீர்செய்தார்கள். முதல் எம்எக்ஸ்-5-ல் 1990, 1991 தொடக்க வண்டிகளின் கிராங்க் முனை பலவீனம். கிராங்க் புல்லியின் நடுவே தெரியும் பள்ளங்களை எண்ணிப் பாருங்கள்: 4 என்றால் பழைய குட்டை முனை, 8 என்றால் மாற்றிய நீள முனை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் பார்த்துவிடலாம். பிஎம்டபிள்யூ இ46 எம்3-யில் கனெக்டிங் ராட் பேரிங்குக்காகத் திரும்ப அழைத்தது 2001 முதல் 2003 வரையிலான வண்டிகளை. ஆனால் பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பிடிக்கும் தரைத்தகடு விரிசல் விடுவது எந்த வருஷத்திலும் வரும். அந்த வண்டியில் வருஷம் பார்த்து ஓரளவுக்குத்தான் தப்பிக்கலாம், மீதிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹோண்டா எஸ்2000 பற்றிக் கேட்பவர்கள் எப்போதும் “எது பெஸ்ட் வருஷம்?” என்பார்கள். அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. 1999-ல் வந்தபோது 2 லிட்டர் இன்ஜின், 9000 சுற்று. 2004-ல் பின் சஸ்பென்ஷனைச் சாந்தப்படுத்தினார்கள், சக்கரம் 17 அங்குலமானது, வட அமெரிக்காவுக்கு 2.2 லிட்டர் இன்ஜின் கொடுத்து உச்சச் சுற்றைக் குறைத்தார்கள். அமெரிக்க வண்டிகளில் 2006 முதல் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்ந்தது. முதல் வண்டிகளின் வால் பட்டென்று வெளியே போகும். பின்சக்கரம் இழுக்கும் வேக வண்டியை முதன்முறையாக வாங்குகிற இளைஞர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், 9000 சுற்று ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2004-க்குப் பிந்தையதைத் தேடுங்கள், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. மழையில் திரும்பும்போது நொடிக்குள் வண்டி கைவிட்டுப் போனதால் சேஸிஸ் வளைந்த எஸ்2000-களை அளந்து பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

அடுத்து, ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது. “ரீகால் ஆன வருஷம் வேண்டாம்” என்று ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். “ரீகால் வேலை முடிந்துவிட்டது” என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். 2012, 2013-ல் தயாரான டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் வண்டிகளை வால்வு ஸ்பிரிங்குக்காக 2018-ல் திரும்ப அழைத்தார்கள். இன்ஜினை இறக்கிச் செய்ய வேண்டிய வேலை. வேலை முடிந்த பிறகு சில இன்ஜின்கள் கெட்டுப்போனதாகப் புகார்கள் எழுந்தன. மூடும்போது கசியாமல் இருக்கத் தடவிய சீலன்ட் பசை அதிகமாகி ஆயில் வழியில் போய் அடைத்ததே காரணம் என்று குற்றச்சாட்டு. ஆகவே மூன்றையும் கேளுங்கள்: இந்த எண் அந்தப் பட்டியலில் இருந்ததா, வேலை எப்போது நடந்தது, அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முடிந்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடிய வண்டி என்றால் எனக்குக் கவலை குறைவு.

கிலோமீட்டர் என்றதும் இன்னொன்று. பத்துப் பதினைந்து வருஷத்தில் ஓடவே ஓடாத வண்டியைக் காட்டி “புதுசு மாதிரி” என்பார்கள். ஓடாத வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து போகும், டாங்கில் பெட்ரோல் கெட்டுப் போகும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் பத்து வருஷ டயரை நம்பி வேகம் போகாதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளுக்கு வயதும் கணக்கு, கிலோமீட்டர் மட்டும் கிடையாது. ஃபெராரி 360 வரை பெல்ட், எஃப்430-ல் செயின் வந்துவிட்டது. எஃப்355-ல் பெல்ட் மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். வருஷம் தேர்வு செய்யும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள், வாங்கும் விலையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வருஷத்தை வைத்து எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். அப்புறம் வருஷத்தை மறந்துவிட்டு முன்னால் நிற்கிற வண்டியைப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள்; தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பில் இல்லாத சர்வீஸை நடக்காத சர்வீஸாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி வகையை அறிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள், தெரிந்தவரின் தெரிந்தவர் போதாது. ஆர்எக்ஸ்-8-க்குச் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் பிடித்துப் பார்த்து “நன்றாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள். சாதாரண கேஜ் அதிகபட்சத்தை மட்டும் காட்டும், செத்துப்போன அறை அதில் தெரியாது. ரோட்டரிக்கென்று தனிக் கருவி இருக்கிறது, அது இல்லாதவரிடம் காட்டிப் பயனில்லை. மேனுவல் போர்ஷே என்றால் கம்ப்யூட்டரில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிய பதிவையும் எடுக்கச் சொல்லுங்கள். தவறான கியரில் ஒருமுறை இறக்கியிருந்தாலும் அதில் நிற்கும்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சை ஆரம்பிக்கும் முன் பானெட் மேல், இன்ஜின் பின்னால் இருந்தால் பின் மூடி மேல், கையை வையுங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலை வருகிறேன், தொடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மறுநாளும் சூடாகவே இருந்தால் அந்த வண்டி வேண்டாம், எந்த வருஷமாக இருந்தாலும் சரி.