முற்றத்தில் நின்றவரை அறைக்குள் கூட்டிவந்த வடிகட்டி

சிகரெட் புகையை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து, வடிகட்டி, நல்ல காற்றாக வெளியே அனுப்பும் கையடக்கக் கருவி என்று ஒன்று நம் மாவட்டத்து வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் வருகிறது. ஆன்லைனில் வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு. நாகர்கோவிலில் நெஞ்சக நோய் பார்க்கும் என்னிடம், "இதை வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, வயதான அம்மா இருக்கிறார், அவர்கள்மேல் புகை படக்கூடாது என்ற அக்கறைதான் அந்தக் கேள்வி. அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால், அதை நம்பி வீட்டுக்குள் புகைக்க வேண்டாம்.

இதில் சில வகைகள் உண்டு. முதலாவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குழாய். புகையை இழுத்த பிறகு, வாயை அதில் வைத்து ஊதவேண்டும். உள்ளே செயலூட்டிய கரி (மணத்தையும் வாயுக்களையும் பிடிக்கும்படி நுண்துளைகள் உண்டாக்கிய கரி) இருக்கும், சிலவற்றில் ஹெப்பா எனப்படும் நுண்வடிகட்டித் தாளும் சேர்த்திருக்கும். இரண்டாவது, பற்றவைத்த சிகரெட்டையே ஒரு கூட்டுக்குள் செருகி இழுப்பது. மூன்றாவது, சின்ன மின்விசிறி வைத்த சாம்பல் கிண்ணம். பேட்டரியில் ஓடும், புகையை உறிஞ்சி வடிகட்டி வழியாக விடும்.

இவை எதையுமே செய்வதில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஹெப்பா தரத்துக்கான வரையறை 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. சிகரெட் புகையின் துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே, ஏறத்தாழ இதே அளவில்தான் இருக்கின்றன. எனவே நல்ல வடிகட்டிக்குள் ஊதினால் கண்ணுக்குத் தெரியும் வெண்புகை பெருமளவு காணாமல் போகும். கரி, மணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 99.97 என்ற எண்ணைப் பார்த்துப் பலரும் மயங்குவது இதனால்தான். அந்த எண் வடிகட்டிக்குள் நுழைந்த துகளைப் பற்றியது மட்டுமே. உள்ளே நுழையாத புகையைப் பற்றியோ, துகளாக இல்லாத வாயுவைப் பற்றியோ அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

ஒரு சிகரெட் எப்படி எரிகிறது என்று பாருங்கள். ஒருவர் ஒரு சிகரெட்டைச் சுமார் பத்து தடவை இழுப்பார். ஒவ்வொரு இழுப்பும் இரண்டு வினாடி. எல்லாம் சேர்த்தால் இருபது வினாடிதான். ஆனால் சிகரெட் கையில் இருப்பது ஆறேழு நிமிடம். மீதி நேரமெல்லாம் அது விரலிடுக்கில் தானாகக் கனன்றுகொண்டே இருக்கிறது. அறையில் சேரும் புகையில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்த நுனியிலிருந்து வருவது. ஊதி வெளியே விடும் புகை 15 சதவீதம் மட்டுமே. இழுக்கும்போது நுனியின் வெப்பம் 900 டிகிரியைத் தொடும். சும்மா கனலும்போது அது 600 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் குறைந்தால் புகையிலை அரைகுறையாக எரியும். அதனால் நுனிப்புகையில் பல நச்சுகள், புகைப்பவர் உள்ளே இழுக்கும் புகையில் இருப்பதைவிட அதிகம். ஊதும் குழாயை எவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் அந்த 85 சதவீதத்தை அது தொடுவதே இல்லை. கடைசி இழுப்பை ஊதி முடித்துக் குழாயை மூடி வைத்த பிறகும், அடுத்த பல மூச்சுகளில் நெஞ்சுக்குள் மிஞ்சிய புகை வெளியே வந்துகொண்டிருக்கும். அந்த மூச்சோடுதான் அப்பா பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறார்.

"சிகரெட்டையே கூட்டுக்குள் வைத்துவிட்டால் நுனிப்புகையும் அடங்குமே?" என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. கனல் இருக்கும் இடத்துக்குக் காற்று போயே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். காற்று குறைவாகப் போனால் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக உண்டாகும். இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்வது. செயலூட்டிய கரி இதைப் பிடிக்காது. கொசுவலை கொசுவைத் தடுக்கும், காற்றைத் தடுக்குமா? கரிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள உறவு அதுதான். இந்த வாயுவை மாற்றுவதற்கென்றே தனி வினையூக்கி வைத்த முகக்கவசங்கள் தொழிற்சாலைகளில் இருக்கின்றன. சட்டைப்பையில் போடும் பொம்மையில் அது கிடையாது. போதாக்குறைக்கு, கூட்டுக்குள் அடங்கிய நுனிப்புகையையும் சேர்த்து அடுத்த இழுப்பில் உள்ளே வாங்கப்போவது புகைப்பவர்தான்.

கரிக்கு இன்னொரு பலவீனம் உண்டு, அது நம் ஊருக்கு முக்கியம். கரியின் நுண்துளைகளில் நச்சு போய் உட்காரவேண்டிய இடத்தில் ஈரமும் போய் உட்காரும். வாயால் ஊதும் காற்றே ஈரமானது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வருடம் முழுக்கக் காற்றில் ஈரம். மலையோரத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இரண்டு மழைக்காலமும் வெளுத்து வாங்கும். கரி நிறைந்துவிட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் எந்த வழியும் இல்லை. நிறைந்த கரி, பிடித்து வைத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப விடவும் செய்யும்.

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி நாலு வயதுப் பெண் குழந்தையோடு வந்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து பிள்ளைக்கு மூச்சுமுட்டு. வாரத்துக்கு ஒருமுறையாவது ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி ஆவி வைக்க வேண்டியிருந்தது. வீட்டில் யாராவது புகைப்பதுண்டா என்று கேட்டேன். தகப்பனார் மறைக்கவில்லை. "முந்தி முற்றத்துல நின்னுதான் டாக்டரே வலிப்பேன். இப்பம் மச்சான் இது கொண்டுவந்து தந்தான். இதுக்க உள்ளதான் ஊதுகேன், புகையே வராது" என்று பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அம்மாவும், "மணமே இல்ல டாக்டர், சத்தியமாட்டு" என்றார்.

அதைத் திறந்து பார்த்தேன். ஊதும் பக்கத்து நுரைப்பஞ்சு தேயிலைக்கறை நிறத்தில், விரலில் ஒட்டும் பிசுக்கோடு இருந்தது. உள்ளே கரித்துண்டுகள் ஒன்றோடொன்று கட்டியாகிக் கிடந்தன, குலுக்கினால் அசையவில்லை. வெளியேறும் பக்கம் மட்டும் பளிச்சென்று, எலுமிச்சை வாசனையோடு இருந்தது. அவர் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. முன்பு முற்றத்தில் நின்று புகைத்தவர், இப்போது மழைச்சாரலுக்கு ஜன்னலை அடைத்த படுக்கையறையில், பிள்ளை தூங்கும் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டுப் புகைக்கிறார். கருவியின் வடிகட்டும் திறனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அது இந்த வீட்டில் செய்த வேலை, புகைப்பவரை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்தது.

மணமும் வெண்புகையும் நமக்குக் கிடைத்த எச்சரிக்கைகள். அம்மா மூக்கைப் பொத்துவார், பாட்டி "வெளிய போய் வலியும்" என்று விரட்டுவார், பிள்ளை இருமும். இந்தக் கருவி முதலில் அழிப்பது அந்த எச்சரிக்கையைத்தான். கண்ணும் மூக்கும் ஒன்றும் இல்லை என்கின்றன, காற்றுக்குழாய் மட்டும் சுருங்குகிறது. குழந்தையின் மூச்சுக்குழல் ஒடுக்கம்; மூச்சும் பெரியவர்களைவிட வேகம். அதே அறையில் அதே நேரம் இருந்தாலும் உடல் எடைக்கு அது அதிகமாக வாங்குகிறது. ஆஸ்துமா மோசமாவது, அடிக்கடி வரும் காதுச்சீழ், சளிக்காய்ச்சல், கைக்குழந்தைகளின் திடீர் மரணம் வரை பிறர் விடும் புகையோடு தொடர்புள்ளவை என்று உறுதியாகத் தெரியும்.

வடிகட்டி என்ற சொல்லை நம்பி உலகம் ஏற்கெனவே ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1950களில் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு வெளியே வந்ததும், நிறுவனங்கள் செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டி வைத்த சிகரெட்டைப் பெருமளவில் இறக்கின. பிறகு வடிகட்டியில் காற்றுத்துளை போட்டு 'லைட்' என்றார்கள். மக்கள் அதைப் பாதுகாப்பு என்று நம்பி, விட நினைத்தவர்களும் விடாமல் அதற்கு மாறினார்கள். நிக்கோட்டின் போதாமல் இன்னும் ஆழமாக, அதிகமாக இழுத்தார்கள். புற்றுநோய் குறையவில்லை, நுரையீரலின் ஓரப்பகுதிகளில் வரும் அடினோகார்சினோமா வகை கூடியது. இப்போது வருவது அதே வாக்குறுதி. அன்று புகைப்பவருக்குச் சொன்னதை இன்று அவர் வீட்டாருக்குச் சொல்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் புதிய செய்தி இல்லை. ஜப்பானில் தகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவிமாரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981இல் வெளியிட்டார். கணவர் அதிகம் புகைக்கப் புகைக்க, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறியது. 2006இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் (சர்ஜன் ஜெனரல்) அறிக்கை, பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்றும், காற்றைச் சுத்திகரிப்பதாலோ காற்றோட்டம் வைப்பதாலோ அந்தப் பாதிப்பை முழுதாக நீக்க முடியாது என்றும் எழுதியது. அவர்கள் பேசியது கட்டடம் முழுக்க ஓடும் பெரிய இயந்திரங்களைப் பற்றி. அவற்றாலேயே முடியாதது கையடக்கக் கருவியால் முடியுமா? நம் நாட்டில் 2016-17இல் எடுத்த புகையிலைப் பயன்பாட்டு ஆய்வில், வயதுவந்தவர்களில் 38.7 சதவீதத்தினர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று தெரிந்தது.

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்காக வரவேற்பறையில் இந்த விசிறிக் கிண்ணங்களை வைக்கலாமா என்று கேட்டார். அறை சுத்தம் செய்யும் பையன்களின் நுரையீரல் ஒருபுறம் இருக்க, சட்டமும் இடம் தராது. பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் புகைத்தல் என்பதை, எந்தக் கருவியின் உதவியோடு புகைத்தாலும் அது புகைத்தல்தான் என்ற பொருளில் வரையறுத்திருக்கிறது. வடிகட்டி வைத்தால் விலக்கு என்று அதில் இல்லை. தங்கும் விடுதிகளில் முப்பது அறைகளோ அதற்கு மேலோ உள்ளவை மட்டும் தனி இடம் ஒதுக்கலாம், அதுவும் விதிப்படி.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மணம் தெரியாது என்ற விளம்பரம் யாரைக் குறிவைக்கிறது என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். சட்டையில் வரும் வாடைதான் பல வீடுகளில் பேச்சைத் தொடங்கிவைப்பது. பழக்கம் முற்றுவதற்கு முன் கண்டுபிடித்தால் விடுவிப்பது எளிது.

சரி, உடனே விட முடியாதவர் என்ன செய்வது? வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் புகைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போங்கள், திறந்த ஜன்னலிலிருந்து தள்ளி நில்லுங்கள். கடற்கரைக் காற்று வீட்டை நோக்கி அடிக்கும் நேரத்தில் வாசலில் நின்று புகைத்தால் அது அறைக்குள்தான் வரும். திரும்பி வந்ததும் கை, வாய் கழுவி, சட்டையை மாற்றி, கொஞ்ச நேரம் கழித்தே பிள்ளையைத் தூக்குங்கள். துணியிலும் சுவரிலும் மெத்தையிலும் ஒட்டும் நிக்கோட்டின் படிவு நாள்கணக்கில் இருக்கும். இவை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. தக்கலைக்காரரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். பிள்ளைக்கு உறிஞ்சும் மருந்தை ஒழுங்காகத் தொடரச் சொல்லி, அவருக்குத் தனியாக இன்னொரு சீட்டு எழுதினேன்.

அந்தச் சீட்டில் இருந்தது நிக்கோட்டின் சூயிங்கம். 2 மில்லிகிராம் அளவு மருந்துக்கடையில் கிடைக்கும். இதைச் சாதாரண பபிள்கம்போல விடாமல் மெல்லுகிறார்கள், விக்கல் வருகிறது, நெஞ்சு எரிகிறது, "இது எனக்கு ஒத்துவரல" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சில தடவை மென்று, நாக்கில் சுரீரென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடியும் மெல்லுங்கள். அரைமணி நேரம் இப்படி. காபி, சோடா, எலுமிச்சைச் சாறு குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகே வாயில் போடுங்கள், புளிப்பு நிக்கோட்டினை உறிஞ்சவிடாது. ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தானாகத் தணியும். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும், வாரக்கணக்கில் கடலில் தங்கும் மீனவர்களுக்கும் பீடிதான் தூக்கத்தையும் தனிமையையும் தள்ளும் துணை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு கம் மட்டும் போதாமல் போகலாம். மாத்திரைகளும் இருக்கின்றன, மருத்துவரைப் பார்த்துத்தான் தொடங்கவேண்டும். இதயநோய், வலிப்பு, மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரில் வரத் தயங்கினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். சிகரெட், பீடிக் கட்டுகளின் எச்சரிக்கைப் படத்திலேயே அது அச்சாகியிருக்கிறது. தமிழிலேயே பேசலாம், விடும் தேதியை உங்களோடு சேர்ந்து குறித்து, பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். கடைசியாகப் புகைத்த பிறகு 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்புக்கு இறங்கும், புகைப்பதால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஒரு வருடத்தில் பாதியாகக் குறையும். இரண்டு மூன்று தடவை விட்டுத் திரும்பவும் தொடங்கியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கவேண்டாம். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் அப்படி விட்டவர்கள்தான்.