26 கிலோவில் எதை ஏற்றுவது?

விண்வெளித் திட்டம் ஒன்று போடச் சொன்னால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் ராக்கெட் படம்தான் வரைவார்கள். வரையட்டும். ஆனால் உண்மையான திட்டம் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. 'நிலாவை ஆராய்வோம்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. 'வெயில் படும்போது நிலாவின் மேல்மண் எவ்வளவு சுடும், அதற்குச் சற்றுக் கீழே எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள், மண்ணில் இறங்கும் வெப்பமானி வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சந்திரயான்-3 கொண்டுபோன சேஸ்ட் கருவி அதுதான். மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ் காட்டிய அது, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 காட்டியது.

அடுத்தது எடை. வகுப்பு சூடுபிடிக்கும் இடம் இது. கரும்பலகையில் நாலு எண்களை எழுதுங்கள்: கிளம்பும்போது ராக்கெட் 640 டன், அது சுமந்த விண்கலம் 3,900 கிலோ, அதில் நிலாவில் தரையிறங்கும் விக்ரம் லேண்டர், அங்கே ஓடும் ரோவர் வண்டியையும் சேர்த்து 1,752 கிலோ, பிரக்யான் ரோவர் மட்டும் 26 கிலோ. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரோவரின் ஒவ்வொரு கிலோவுக்கும் தரையில் ஏறக்குறைய 25,000 கிலோ நிற்கிறது! அதில் பெரும்பங்கு எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும் என்பதால்தான் கணக்கு இப்படி வீங்குகிறது.

இப்போது அட்டைகளைக் கொடுக்கலாம். கேமரா, பேட்டரி, ஆன்டெனா, துளையிடும் கருவி, சூடேற்றி என ஒவ்வொன்றிலும் எடையும் வாட்டும் உத்தேசமாக எழுதியிருந்தால் போதும். மொத்தம் 26 கிலோ, 50 வாட்டுக்குள் முடிக்க வேண்டும். பிரக்யானின் சூரியத்தகடு தந்த மின்சாரமே 50 வாட்தான். அதில் ஒரு சாதாரண சீலிங் ஃபேன்கூட முழு வேகத்தில் சுற்றாது. எதைச் சேர்ப்பது என்பதில் சண்டை வராது, எதை இறக்கிவிடுவது என்பதில்தான் வரும். ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது.

சூடேற்றி அட்டையைப் பெரும்பாலும் யாராவது தூக்கிப் போடுவார்கள். அப்புறம் நிலாவின் இரவைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே பகல் நம் கணக்கில் சுமார் 14 நாள், இரவும் அதே அளவு. இரவில் சூரியத்தகடுக்கு வேலையில்லை, குளிரோ மைனஸ் 100-ஐத் தாண்டி எங்கேயோ போகும். அதைத் தாங்க வைத்தால் எடை கூடும். விக்ரமையும் பிரக்யானையும் ஒரே ஒரு பகலுக்காகத்தான் வடிவமைத்தார்கள்.

ஒரு பகல்தான் ஆயுள் என்றால், விடிந்த கையோடு இறங்கினால்தான் முழுப் பகலும் கிடைக்கும். அதனால் நாள்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்ப வேண்டும். தரையிறங்கிய நாள் 2023 ஆகஸ்ட் 23. கிளம்பியது ஜூலை 14. அப்போலோ வீரர்கள் மூன்றே நாளில் போனார்களே என்று யாராவது கேட்பார்கள். அவர்களின் சாட்டர்ன் ராக்கெட் பல மடங்கு பெரியது. நம் விண்கலம் பூமியைச் சுற்றிச் சுற்றி, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு போனது.

கடைசியாக, திட்டத்தை வேறொரு குழுவிடம் கொடுத்து, எங்கெல்லாம் உடையும் என்று தேடச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் விழுந்த பிறகு இஸ்ரோ செய்ததும் இதுதான். அப்போது இறங்கக் குறித்த இடம் 500 மீட்டர் சதுரம்; அடுத்த முறை அது 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது. கால்கள் இன்னும் வேகமாக வந்து மோதினாலும் தாங்கும்படி பலப்பட்டன. எரிபொருளும் கூடுதலாக ஏறியது.

சரி, எல்லாம் நல்லபடி நடந்து எரிபொருள் மிஞ்சினால்? அந்த மிச்சத்தை வைத்து ஒரு வேலை யோசித்து வரச் சொல்லலாம். விக்ரமில் மிஞ்சியதைக் கொண்டு, 2023 செப்டம்பர் 3 அன்று லேண்டரைச் சுமார் 40 சென்டிமீட்டர் மேலே எழுப்பி, கொஞ்சம் தள்ளி இறக்கிப் பார்த்தார்கள்.