ட்ராம்போன் எப்படிப் பேசுகிறது?

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டனின் இசையை ஒரு பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) மேடையில் வாசிக்கும்போது, ட்ராம்போன் (ஸ்லைடு என்ற குழாயை நீட்டிக் குறுக்கி ஊதும் பித்தளை வாத்தியம்) வாசிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். அதில் ஒரு ரப்பர் கிண்ணம் இருக்கும். விசேஷமான பொருள் ஒன்றும் இல்லை. சிங்க் அடைத்துக்கொண்டால் அழுத்தி எடுக்க ஹார்டுவேர் கடையில் வாங்குகிறோமே, அதேதான், கைப்பிடி கழற்றியது. ட்ராம்போனின் அகன்ற வாயை அதனால் மூடித் திறந்தால் 'வா, வா' என்று யாரோ பேசுவதுபோல் கேட்கிறது.

ஒரே சுதியில் 'ஊ' என்று தொடங்கி, வாயை மெல்லத் திறந்து 'ஆ' வரை போய்ப் பாருங்கள். தொண்டையில் எதுவும் மாறவில்லை, வாயின் வடிவம்தான் மாறியது. குரலில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களும் இருக்கின்றன. வாய் அவற்றில் ஒரு பகுதியைத் தூக்கிக் காட்டுகிறது. 'ஊ'வுக்கு அந்த முதல் மேடு சுமார் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 'ஆ'வுக்கு 700 பக்கம் ஏறும். உயிரெழுத்துகளைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மேடுகளை வைத்துத்தான். ரப்பர் கிண்ணமும் இதே வேலையைச் செய்கிறது: மூடினால் மேற்சுரங்கள் அடங்குகின்றன, திறந்தால் பீறிட்டு வருகின்றன. நொட்டேஷனில் மூடுவதற்கு +, திறப்பதற்கு o. அவ்வளவுதான் எழுத முடியும்.

மீதி ஆளைப் பொறுத்தது. 1926-ல் எல்லிங்டன் குழுவில் சேர்ந்த ஜோ 'ட்ரிக்கி சாம்' நான்டன், ட்ராம்போனுக்குள் ஒரு சின்ன மியூட்டை (ஒலியை அடக்கும் அடைப்பை) செருகி, வெளியே கிண்ணத்தையும் பிடித்து, 'யா' என்றே சொல்ல வைத்தார். ட்ரம்பெட்டில் பப்பர் மைலி தொண்டையை உறுமிக்கொண்டே ஊதினார். உறுமலும் சுரமும் கலந்து, இரண்டிலும் இல்லாத புது அதிர்வெண்கள் பிறக்கும். அந்தக் கரகரப்பு அப்படி வருவது. சிக்கல் என்னவென்றால் மியூட் செருகினால் சுதி நழுவும். உதட்டாலும் ஸ்லைடாலும் நொடிக்கு நொடி சரிசெய்ய வேண்டும். மற்றவர் கண்ணுக்கு வேடிக்கை வித்தையாகத் தெரிவது உண்மையில் கடும் சாதகம்.

1930-ல் வந்த 'மூட் இண்டிகோ' என்ற இசைத்துண்டில் எல்லிங்டன் செய்தது இன்னும் நுட்பம். மேலே மியூட் போட்ட ட்ரம்பெட், அதை ஒட்டி உச்ச ஸ்தாயியில் மியூட் போட்ட ட்ராம்போன், வெகு கீழே கிளாரினெட். வழக்கத்துக்கு இது தலைகீழ். கிளாரினெட்தான் மேலே பறக்கும் வாத்தியம். ஆனால் ஒரு பக்கம் மூடிய நேர்க்குழாய்போல் அது நடந்துகொள்வதால், கீழ் ஸ்தாயியில் இரட்டைப்படை மேற்சுரங்கள் மிகவும் மெலிந்து, ஒலி உள்ளீடற்று, மரத்தன்மையோடு வரும். பித்தளைகளின் மெல்லிய ஒலிக்குக் கீழே அது நிற்கும்போது மூன்றில் எது எது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. போதாக்குறைக்கு, 440, 550 ஹெர்ட்ஸில் இரண்டு சுரங்கள் பலமாகச் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசமான 110-லும் ஒரு சுரம் லேசாகக் கேட்கக்கூடும். அந்தக் காலத்து மைக்குகளில் எழுந்த இப்படிப்பட்ட மாயச்சுரத்தைக் கணக்கில் வைத்தே அந்தச் சேர்க்கையை அமைத்ததாக எல்லிங்டன் சொன்னதுண்டு.

சரி, நேரில் போகாமல் இதையெல்லாம் ரெக்கார்டிலேயே கேட்டுவிடலாமே? முடியாது என்பதுதான் என் கட்சி. பித்தளை வாத்தியத்தைப் பலமாக ஊதினால் ஒலி கூடுவது மட்டும் இல்லை, அதன் நிறமும் மாறுகிறது. ட்ராம்போனை உச்சத்தில் ஊதும்போது குழாய்க்குள் போகும் அழுத்த அலை வழியிலேயே செங்குத்தாகி, அதிர்ச்சி அலையாகவே மாறிவிடுகிறது என்று 1990-களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தப் பளீர் ஒலி உயர் அதிர்வெண்களால் ஆனது. வாத்தியத்தின் வாய் நோக்கும் திசையில்தான் அது அதிகம் பாயும். அதனால்தான் சில இடங்களில் நொட்டேஷன் தாள் வைக்கும் ஸ்டாண்டுக்குள் ஊதச் சொல்லி நொட்டேஷனில் குறித்திருக்கும். அடுத்த பகுதியில் எல்லோரும் வாத்தியத்தைத் தூக்கும்போது முதல் வரிசை ரசிகர் சற்றுப் பின்வாங்குவார். வீட்டு ஸ்பீக்கரில் வால்யூமைத் திருகி இதை வரவழைக்க முடியாது.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் பாதுகாக்கும் எல்லிங்டனின் கையெழுத்துப் பிரதிகளில் பல இடங்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதில் வாசிப்பவரின் பெயரே இருக்கிறது. பாரிட்டோன் சாக்சபோனுக்கு என்று எழுதவில்லை, ஹாரி கார்னிக்கு என்று எழுதினார். கார்னியும் 1974 வரை அவரோடுதான் இருந்தார். அதனால் இன்றைய குழுக்கள் அந்தப் பிரதிகளோடு பழைய ரெக்கார்டுகளையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கின்றன. 'மூட் இண்டிகோ' வந்ததும் அந்த மூன்று வாத்தியக்காரர்களும் எழுந்து முன்னால் வந்து ஒட்டி நிற்பது பழைய வழக்கம். ஆளுக்கொரு மைக் கொடுத்துத் தனித்தனியாக மிக்ஸ் செய்தால் அந்தக் கலவை பிரிந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் அங்கே ஒற்றை மைக்கோடு நிறுத்திக்கொள்வார்.